யாருடைய கோரிக்கையைப் பேசுகிறது ஆதரவுக் குரல்? மதராசி கேம்ப் இடிப்பும் அடையாளச் செயல்களின் அரசியலும்

2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி கேம்ப், காவல்துறையும் துணை ராணுவப் படையும் சூழ்ந்து நிற்க இடித்துத் தள்ளப்பட்டது. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பகுதிகளிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள் அரை நூற்றாண்டாக வாழ்ந்த இடம் அது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்து வளர்ந்தார்கள். ஏறத்தாழ 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்கள் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றதாகக் கணக்கெடுப்பு சொன்னது. அந்த மாற்று வீடு நகரத்தின் வடகோடியில், நரேலாவில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எஞ்சிய குடும்பங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இடிப்புக்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான் தில்லி ஒரு கசப்பான தேர்தலைக் கண்டிருந்தது. பிப்ரவரி 5 வாக்குப்பதிவு, 8 முடிவு: பாஜக 48, ஆம் ஆத்மி 22. பிரசாரம் முழுக்க ‘ஊடுருவியவர்கள்’, ‘போலி வாக்காளர்கள்’ என்ற சொற்கள் அடிபட்டன. குடிசைப் பகுதிகள் ஒரே சமயத்தில் வாக்கு வங்கியாகவும் சந்தேகத்துக்குரிய இடமாகவும் பேசப்பட்டன. அதன்பின் மதராசி கேம்ப் இடிந்தபோது ஆதரவுக் குரல்களுக்குப் பஞ்சமில்லை. அறிக்கை வந்தது, கடிதம் போனது, சமூக ஊடகப் பதிவுகள் குவிந்தன.

இக்கட்டுரை எழுப்பும் கேள்வி ஒன்றுதான். பிளவை உண்டாக்கிய ஒரு தேர்தலுக்குப் பிறகு, எண்ணிக்கையில் குறைந்தவர்களோடு நிற்பதாகக் காட்டும் அடையாளச் செயல்களை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? செய்பவரின் மனத்தூய்மை அந்த அளவுகோல் ஆகாது. செயலின் பெருமை சிறுமையும் ஆகாது. பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே முன்வைக்கும் கோரிக்கையை அந்தச் செயல் எடுத்துப் பேசுகிறதா, அல்லது அதற்குப் பதிலாக வேறொரு கோரிக்கையை வைத்துவிடுகிறதா என்பதே அளவுகோல் என்பது என் வாதம்.

1. இதுவரையான புரிதல்: ஊக்கு முதல் வெள்ளைத்துணி வரை

அடையாளச் செயல்களைப் பற்றிய விவாதத்தில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது சேஃப்டி பின். 2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக பிரிட்டன் வாக்களித்ததும் குடியேறியவர்கள் மீது வசைகளும் தாக்குதல்களும் பெருகின. ‘என்னருகே உங்களுக்குப் பயமில்லை’ என்று உணர்த்தச் சிலர் சட்டையில் ஓர் ஊக்கைக் குத்திக்கொண்டார்கள். அவ்வாண்டு நவம்பரில் டிரம்ப் வென்றதும் அமெரிக்காவிலும் அது பரவியது.

எதிர்வினை இரு வகையாக இருந்தது. ஊக்கு அணிபவரின் குற்றவுணர்வைத்தான் அது ஆற்றுகிறது, ஆபத்தில் இருப்பவருக்கு ஒன்றும் மாறவில்லை என்றார்கள் ஒரு சாரார். ரயிலில் தனியாக அமர்ந்திருக்கும் ஒருவருக்கு எதிர் இருக்கையில் தெரியும் சிறு அடையாளம்கூடத் தைரியம்தான் என்றார்கள் மறு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரு தரப்பும் செயலுக்கும் அதைச் செய்பவருக்கும் இடையிலான உறவைப் பற்றியே அதிகம் பேசின. பாதிக்கப்பட்டவர் என்ன கேட்கிறார் என்பது அந்த விவாதத்தின் ஓரத்தில்தான் நின்றது.

நமக்கு அருகிலேயே இதைவிடப் பொருத்தமான ஒரு நிகழ்வு இருக்கிறது. 2019 நவம்பரில் இலங்கையில் கோத்தபய ராஜபக்ச பெரும்பாலும் சிங்கள பௌத்த வாக்குகளைத் திரட்டி வென்றார். அடுத்த ஆண்டு கொரோனாவில் இறந்தோர் அனைவரையும் எரிக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. அடக்கம் செய்வதைக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களுக்கு அது தாங்க முடியாத அடி. 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் பெற்றோரின் மறுப்பை மீறிக் கொழும்பு பொரளை மயானத்தில் எரிக்கப்பட்டது. அதன்பின் மயானத்தின் வாயிற்கம்பிகளில் வெள்ளைத்துணிக் கீற்றுகள் தோன்றத் தொடங்கின. சிங்களவர், தமிழர், முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பலரும் வந்து கட்டிவிட்டுப் போனார்கள். இரவோடு இரவாகத் துணிகள் அகற்றப்பட்டன. மறுநாள் மறுபடியும் கட்டினார்கள். வீட்டு வேலிகளிலும் கட்டினார்கள்.

ஒரு முழம் துணி அரசாணையை மாற்றிவிடவில்லை. 2021 பிப்ரவரி தொடக்கத்தில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்த பேரணி, வெளிநாடுகளின் அழுத்தம் எனப் பலவும் சேர்ந்த பிறகே அம்மாத இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. ஆனாலும் அந்தத் துணியில் ஒரு துல்லியம் இருந்தது. இலங்கையில் வெள்ளை துக்கத்தின் நிறம். ‘இந்தக் குழந்தையின் சாவு எங்கள் வீட்டுச் சாவு, குழந்தையை உங்கள் முறைப்படி புதைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு’ என்பதை அது சொன்னது. பெற்றோர் கேட்டதும் அதைத்தான். கட்டியவர்கள் தங்கள் நல்ல மனத்தைக் காட்ட வரவில்லை. மயான வாசலில், காவலர்களின் கண்முன், அந்தப் பெற்றோரின் கோரிக்கையைத் தங்கள் கையால் முடிச்சிட்டார்கள்.

இந்த உரைகல்லோடு தில்லிக்குத் திரும்பலாம்.

2. சாவிகளும் மேடைகளும்

குடிசைவாசிகளை நோக்கிய அடையாளச் செயல்கள் தில்லியில் தேர்தலுக்குப் பின் தொடங்கியவை அல்ல. 2025 ஜனவரி 3 அன்று அசோக் விஹாரில் குடிசைவாசிகளுக்காகக் கட்டிய 1,675 அடுக்குமாடி வீடுகளைப் பிரதமர் திறந்துவைத்துச் சாவிகளை வழங்கினார். ஜனவரி 11 அன்று ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் குடிசைப் பகுதித் தலைவர்களைக் கூட்டி, குடிசைவாசிகளுக்குப் பக்கா வீடு என்று உறுதியளித்தார் உள்துறை அமைச்சர் அமித் ஷா. மதராசி கேம்ப் அந்த அரங்குக்கு அண்மையில்தான் இருந்தது. மறுநாள் ஷகூர் பஸ்தியில் நின்று, பாஜக வென்றால் குடிசைகள் இடிபடும் என்று எச்சரித்தார் ஆம் ஆத்மித் தலைவர் கேஜ்ரிவால். ‘ஜஹான் ஜுக்கி, வஹான் மகான்’, அதாவது குடிசை இருக்கும் இடத்திலேயே வீடு, என்பது பாஜகவின் வாக்குறுதி.

ஜங்புரா தொகுதியில் பாஜகவின் தர்விந்தர் சிங் மர்வா, ஆம் ஆத்மியின் மணீஷ் சிசோதியாவை 675 வாக்குகளில் வென்றார். மதராசி கேம்ப் போன்ற குடியிருப்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முடிவு மாறக்கூடிய இடைவெளி அது. எண்ணிக்கையில் சிறிய சமூகத்துக்கு இத்தகைய தேர்தலில் எடை கூடும். எண்ணி முடித்த மறுநாள் அந்த எடை இறங்கியும் விடும். ஆதரவுச் செயல்களைத் தேர்தலுக்கு முன், பின் என்று பிரித்துப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

ஒரு தரப்பை மட்டும் குற்றஞ்சாட்டுவது நேர்மையாகாது. வெளியேற்ற நோட்டீஸ்கள் 2024இலேயே, ஆம் ஆத்மி ஆட்சிக் காலத்திலேயே, வந்துவிட்டன. 2025 மே 9 அன்று தில்லி உயர் நீதிமன்றம், மழைக்காலத்துக்கு முன் பாராபுல்லா வடிகாலைத் தூர்வார வேண்டும் என்ற காரணத்தால், ஜூன் 1 முதல் இடிப்பைத் தொடங்க உத்தரவிட்டது. நீதிமன்ற ஆணையை மீற முடியாது, மக்களுக்கு மாற்று வீடு தரப்பட்டுள்ளது என்பது முதல்வர் ரேகா குப்தாவின் விளக்கம். வாக்குறுதி மீறப்பட்டது என்பது ஆம் ஆத்மியின் கண்டனம்.

நீதிமன்றம் சொன்ன காரணம் வெறும் சாக்கு என்று நான் கருதவில்லை. வடிகால் அடைத்துக்கொண்டால் மழை நாளில் சுற்றுப்புறக் குடியிருப்புகள் மூழ்குகின்றன. ஆனால் வடிகாலைத் தூர்வாருவது ஒரு கேள்வி. அதன் கரையில் இருந்தவர்களை எங்கே வைப்பது என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்குத் தில்லி அரசின் 2015ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கையே விடை சொல்கிறது: இயன்றவரை அதே நிலத்தில், இல்லையேல் 5 கிலோமீட்டர் சுற்றளவுக்குள், அதற்கப்பால் போவது விதிவிலக்கான சூழலில் மட்டும். 40 கிலோமீட்டர் என்பது அந்தக் கொள்கையின் உணர்வைவிட்டே வெகுதூரம் போய்விட்ட ஏற்பாடு.

3. சென்னையிலிருந்து வந்த குரல்

தமிழ்நாடு அரசின் எதிர்வினை வேகமாக வந்தது. சொந்த மாவட்டங்களுக்குத் திரும்ப விரும்புவோருக்கு வாழ்வாதாரத்துக்கும் பிற தேவைகளுக்கும் மாவட்ட ஆட்சியர்கள் வழியாக உதவி செய்யப்படும் என்று அறிவித்தது. முதல்வர் மு.க. ஸ்டாலின் ஜூன் மாதமே தில்லி முதல்வருக்கு இக்குடும்பங்களின் நிலை குறித்துக் கடிதமும் எழுதினார்.

இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. வேறொரு மாநிலத்தின் நிலத்தில், உயர் நீதிமன்ற ஆணையின் கீழ் நடந்த இடிப்பில் தமிழ்நாடு அரசுக்குச் சட்ட அதிகாரம் ஏதுமில்லை. கைவிடப்பட்டவர்களை ‘நம்மவர்கள்’ என்று ஓர் அரசு பகிரங்கமாகச் சொல்வதற்கே மதிப்பு உண்டு. தகுதிப் பட்டியலில் இடம்பெறாத ஒரு முதியவருக்கு, ஊரில் ஒரு கூரையும் ஓய்வூதியமும் கிடைக்குமென்றால் அது நிஜமான உதவி.

ஆனால் அந்த அறிவிப்பின் முதன்மையான சொல் ‘திரும்புதல்’. திரும்புவதற்கு ஓர் ஊர் இருக்க வேண்டும். கேம்ப்பில் பிறந்து, ஜங்புராவிலும் போகலிலும் லாஜ்பத் நகரிலும் வீட்டு வேலை செய்து, தில்லியில் வாக்களித்து, தில்லியில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்குக் கள்ளக்குறிச்சி என்பது பொங்கலுக்கோ சாவுக்கோ போய்வரும் பாட்டியின் ஊர். அவருடைய கோரிக்கை ஊருக்கு வழி கேட்பதல்ல. வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கு எட்டும் தூரத்தில் வீடு. அவரைத் தமிழராகக் கண்டுகொண்ட குரல், தில்லிவாசியாகக் காணத் தவறிவிட்டது.

இதே அரசு இன்னொரு சந்தர்ப்பத்தில் எப்படி நடந்துகொண்டது என்பதையும் பார்க்க வேண்டும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்ச்செய்திகள் பரவின. அச்சத்தில் பலர் ரயிலேறினார்கள். அப்போது முதல்வர் ஸ்டாலின் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்குப் போய் வடமாநிலத் தொழிலாளர்களைச் சந்தித்தார். பயப்பட வேண்டாம், பாதுகாப்பு உண்டு என்றார். அதுவும் அடையாளச் செயல்தான். ஆனால் அது தொழிலாளர்கள் நிற்கும் இடத்திலேயே நின்று, ‘நீங்கள் இங்கே இருக்கலாம்’ என்றது. பிறமொழித் தொழிலாளி இங்கே வாழ உரிமை உள்ளவர் என்று நம்பும் அரசியல், தில்லியில் வாழும் தமிழ்த் தொழிலாளிக்கும் அதே உரிமையைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கடிதம் அந்தத் திசையில் ஓர் அடி. அறிவிப்பில் உரக்க ஒலித்ததோ வேறு திசை.

4. வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர்

தகுதி என்பது எப்படி முடிவாகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால் தேர்தலுக்கும் வீட்டுக்கும் உள்ள பிணைப்பு தெரியும். 2015 கொள்கையின்படி குடியிருப்பு 2006 ஜனவரி 1க்கு முன்பும், குறிப்பிட்ட குடிசை 2015 ஜனவரி 1க்கு முன்பும் இருந்திருக்க வேண்டும். அது மட்டும் போதாது. 2015 தொடக்கத்துக்கு முந்தைய சில ஆண்டுகளின் வாக்காளர் பட்டியல் ஒன்றிலாவது குடும்பத்தவர் பெயர் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு நடக்கும் ஆண்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும். இவற்றோடு பிற அடையாள ஆவணங்கள்.

இது நடைமுறையில் யாரைத் தள்ளுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆண்டுகளில் பதினெட்டு நிறையாதவர்கள் இன்று குடும்பத் தலைவர்கள். கணவனை இழந்து, அவர் பெயரிலிருந்த தாள்களை மட்டும் வைத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். தமிழ்ப் பெயரை இந்தியில் எழுதும் அலுவலர் ஒரு தாளில் ஒருவிதமாகவும் மறு தாளில் வேறுவிதமாகவும் எழுதிவிடுகிறார். ‘ழ’வும் ‘ள’வும் இனிஷியலும் படும் பாடு நமக்குத் தெரிந்ததே. வாக்கு கேட்டு வருபவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. வீடு கேட்டுப் போகும்போது அதுவே தடையாகிவிடும்.

தில்லியின் நீதிமன்றங்கள் இதே பிரச்சினையில் வேறு விதமாகவும் பேசியிருக்கின்றன. 2010இல் சுதாமா சிங் வழக்கிலும், ஷகூர் பஸ்தி தொடர்பாக அஜய் மாக்கன் தொடுத்த வழக்கில் 2019இலும், உயர் நீதிமன்றம் குடிசைவாசிகளை வெறும் ஆக்கிரமிப்பாளர்களாகப் பார்க்கக் கூடாது என்றது. கணக்கெடுப்பும் கலந்துபேசுதலும் மறுவாழ்வும் இல்லாமல் வெளியேற்றக் கூடாது என்றது. அவர்களுக்கும் நகரத்தின் மீது உரிமை உண்டு என்ற கருத்தை 2019 தீர்ப்பு வெளிப்படையாகவே எடுத்தாண்டது. ஆதரவு தர விரும்பிய அரசியல் கட்சிகளுக்குக் கையில் பிடித்துக்கொள்ள இவ்வளவு வலுவான கோல் இருந்தது. மே 9க்கும் ஜூன் 1க்கும் இடையில் மூன்று வாரம் இருந்தது. தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, எழுத்துப் பிழையால் விழுந்தவர் யார், வயதால் விழுந்தவர் யார் என்று பார்த்து மேல்முறையீடு எழுதிக் கொடுக்கும் மேசை ஒன்றைக் கேம்ப் வாசலில் போட்டிருந்தால், அந்த மேசைதான் இந்த நிகழ்வின் வெள்ளைத்துணியாக இருந்திருக்கும். இடிப்பு நாளன்று வெளியான நூறு பதிவுகளைவிட அதன் எடை அதிகம்.

5. பள்ளிக்கூடம் என்ற தொடர்பு

மொழிச் சிறுபான்மையினருக்கு அரசமைப்பு தரும் பாதுகாப்பு பெரும்பாலும் கல்வி, பண்பாடு சார்ந்தது. 29, 30ஆம் பிரிவுகள் மொழியையும் கல்வி நிறுவனங்களையும் காக்கின்றன. 1956இல் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்கிறது. சிறுபான்மையினரின் பள்ளிக்குக் காப்பு இருக்கிறது. அந்தப் பள்ளிக்கு நடந்துபோகும் தூரத்திலுள்ள வீட்டுக்குக் காப்பு இல்லை.

மதராசி கேம்ப் பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட்டில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தார்கள். நூறாண்டு கடந்த அந்தக் கழகம் தில்லியில் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அலுவலர்களின் பிள்ளைகளும் வீட்டு வேலை செய்பவர்களின் பிள்ளைகளும் ஒரே தமிழ் எழுத்தைக் கற்ற இடம் அது. நரேலாவிலிருந்து லோதி எஸ்டேட்டுக்கு ஒரு பத்து வயதுப் பிள்ளை நாள்தோறும் போய்வர முடியாது. நரேலாவுக்கு மெட்ரோ இன்னும் ஓடவில்லை. ரிதாலாவிலிருந்து நரேலா வழியாகச் செல்லும் தடத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததே 2024 டிசம்பரில்தான். பிள்ளை பள்ளி மாறினால், தமிழ் எழுத்து அந்தத் தலைமுறையோடு நிற்கும். தாய் வேலை மாறவும் முடியாது. காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டில் பாத்திரம், ஒன்பதுக்கு இன்னொரு வீட்டில் சமையல் என்று நான்கு வீடுகளை நடந்தே சுற்றி வருபவருக்கு, தூரம்தான் சம்பளம்.

தில்லியில் வசதியாக வாழும் தமிழர்கள் நிறையப் பேர் உண்டு. சங்கம், சபா, கோயில், பொங்கல் விழா என்று அவர்களுடைய பொதுவாழ்வும் செழிப்பானது. மத்திய அரசும் தமிழை நோக்கிய அடையாளச் செயல்களில் குறை வைக்கவில்லை. 2022 முதல் காசி தமிழ்ச் சங்கமம் நடக்கிறது. 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் செங்கோல் நிறுவப்பட்டது. 2024இல் மத்திய அமைச்சர் எல். முருகனின் தில்லி இல்லத்தில் நடந்த பொங்கலில் பிரதமர் கலந்துகொண்டார். இவை தமிழை மதிக்கும் செயல்கள் என்று கொண்டால், அந்த மதிப்பு பாராபுல்லா கரைவரை ஏன் வரவில்லை என்று கேட்கும் உரிமை தமிழர்களுக்கு உண்டு. மொழிக்குத் தரும் மரியாதை அதைப் பேசும் கூலித் தொழிலாளியின் வசிப்பிடத்துக்கு நீளாவிட்டால், அந்த மரியாதையின் எல்லை எது என்பது தெளிவாகிவிடுகிறது.

6. எதிர்வாதம்

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மதராசி கேம்ப்பைத் தமிழர் பிரச்சினையாகப் பேசுவதே தவறு, அது குடிசைவாசிகள் அனைவரின் பிரச்சினை என்பது அது. மதராசி கேம்ப்புக்குப் பத்து நாள் கழித்துக் கால்காஜியில் பூமிஹீன் கேம்ப் இடிபட்டது. வசீர்பூரிலும் அசோக் விஹாரின் ஜெய்லர்வாலா பாக்கிலும் இயந்திரங்கள் இறங்கின. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசம், பிகார், வங்கம் ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள். இடிக்கும் இயந்திரம் மொழி பார்க்கவில்லை என்றால், ஆதரவு மட்டும் ஏன் மொழி பார்க்க வேண்டும்?

இந்த மறுப்பில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒருவர் கைகொடுக்க வருவதற்கு உறவுணர்வு ஒரு காரணமாக இருப்பதில் பிழையில்லை. சென்னையில் மதராசி கேம்ப் செய்தியாக ஆனதற்கு அந்த உணர்வே காரணம். அந்த உணர்வு தமிழ் வீடுகளோடு நின்றுவிடுகிறதா, பக்கத்துக் கேம்ப்புக்கும் போகிறதா என்பதில்தான் வேறுபாடு. பொரளையில் துணி கட்டியவர்களில் குழந்தையின் சமயத்தவர் அல்லாதவர்களும் இருந்ததால்தான் அந்த வேலியைப் பார்த்து அரசு சங்கடப்பட்டது. தில்லியில் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் 39 பேர் மக்களவையில் இருக்கிறார்கள். குடிசைவாசிகளின் தகுதி நாளையும் 5 கிலோமீட்டர் விதியையும் வாக்காளர் பட்டியல் நிபந்தனையையும் பூமிஹீன் கேம்ப்புக்கும் சேர்த்து அவர்கள் எழுப்பினால், அது மதராசி கேம்ப் மக்களுக்கான ஆதரவாகவும் இருக்கும். நரேலாவில் தண்ணீர், பேருந்து, பள்ளி ஆகியவற்றுக்கான கோரிக்கை அங்கே குடியமர்த்தப்பட்ட எல்லா மொழியினருக்கும் பொதுவானது. தகுதி மறுக்கப்பட்டவர்களின் கோப்புகளை மீண்டும் திறக்கச் சொல்வதற்கும் காலம் கடந்துவிடவில்லை.